விருந்தாளி என்றொரு பொய்

மொழிபெயர்ப்பாளனுக்குச் சில சொற்கள் எளிதில் பிடிகொடுப்பதில்லை. ‘காஸ்ட்ஆர்பைட்டர்’ என்னும் ஜெர்மன் சொல் அவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் ஆலைகளில் உழைப்பதற்காக வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டோரை அது குறிக்கும். நேர்ப்பொருள், ‘விருந்தாளித் தொழிலாளி.’ பழந்தமிழில் ‘விருந்து’ என்றால் புதுமை. வீட்டுக்குப் புதிதாய் வருபவரும் விருந்தே. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் விருந்தாளியை இரவுப் பணிக்கு அனுப்பி, வேலை குறைந்ததும் ஊருக்குப் போகச் சொல்லும் விருந்தோம்பலை எந்த இலக்கியத்திலும் நான் படித்ததில்லை.

இந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்த பொய்யைத் தன் கலையால் வெளிக்கொணர்ந்தவர் கிரேக்க ஓவியர் விளாசிஸ் கனியாரிஸ். நம் தோழர்களில் பலர் அவரை அறியாதிருக்கலாம், அறிந்துகொள்ள வேண்டியவர்.

1928 இல் ஏதென்சில் பிறந்தார். நாஜிப் படை அந்நகரில் நுழைந்த 1941 இல் அவர் சிறுவர். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் பஞ்சம் ஏதென்சின் தெருக்களைப் பிணக்காடாக்கியது. கம்யூனிஸ்டுகள் முன்னின்று அமைத்த தேசிய விடுதலை முன்னணியின் முழக்கங்கள் இரவில் சுவர்களில் எழுதப்பட்டன, பகலில் அழிக்கப்பட்டன, மறுபடியும் எழுதப்பட்டன. பின்னாளில் மருத்துவப் படிப்பைக் கைவிட்டு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்து, 1956 இல் ரோமுக்குச் சென்ற கனியாரிசைத் தொடர்ந்துவந்தவை அந்தச் சுவர்களே. 1959 இல் அவர் ‘ஏதென்சின் சுவர்களுக்கு அஞ்சலி’ என்னும் வரிசையைப் படைத்தார். அப்படைப்புகளில் வீரனின் உருவமோ உயர்த்திய கொடியோ இல்லை. காரையும் காகிதமும் வண்ணமும் படிந்த பரப்பும், அழிக்கப்பட்டும் அழியாத எழுத்தின் சுவடுகளுமே உண்டு. தலைப்பில் 1941 என்ற தொடக்க ஆண்டைக் குறித்தவர், முடிவாண்டை நிரப்பாமல் விட்டார். அந்தப் போராட்டம் முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை.

1967 ஏப்ரல் 21 அன்று கிரேக்கத்தில் ராணுவச் சர்வாதிகாரம் நிறுவப்பட்டது. இடதுசாரிகள் ஆயிரக்கணக்கில் தீவுச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். சர்வாதிகாரி பாபடோபுலோஸ் நாட்டை நோயாளி என்றார். நலம்பெறும் வரை மாவுக்கட்டில் கிடக்கத்தான் வேண்டும் என்றார். கலைஞர்கள் பலர் எதிர்ப்பின் அடையாளமாகக் கண்காட்சி எதுவும் நடத்தாமல் மௌனம் காத்தனர். 1969 இல் கனியாரிஸ் அந்த மௌனத்தை உடைத்து ஏதென்சிலேயே கண்காட்சி வைத்தார். சர்வாதிகாரியின் உவமையையே எடுத்து அவன் முன் நிறுத்தினார்: மாவுக்கட்டு, முள்கம்பி, இவற்றினூடே சிவந்த கார்னேஷன் மலர்கள். கிரேக்கர்களுக்கு அம்மலரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1952 இல் சுட்டுக் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் நிக்கோஸ் பெலோயானிஸ் விசாரணை மன்றத்தில் கையில் ஏந்தியிருந்த மலர் அது. அக்காட்சியைப் பிக்காசோ வரைந்து உலகறியச் செய்தார். கண்காட்சிக்குப் பின் கனியாரிஸ் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிசுக்குச் சென்றார்.

1973 இல் பெர்லினுக்கு வந்தபோது தன் நாட்டவரை அங்கே அவர் வேறு கோலத்தில் கண்டார். 1960 இல் மேற்கு ஜெர்மனி கிரேக்கத்துடன் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்திருந்தது. உடற்பரிசோதனையில் தேறியவர்கள் ரயிலேறினர். ஆலையை ஒட்டிய கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டனர். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடி தலைகாட்டியதும், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதை அந்நாடு நிறுத்திக்கொண்டது. விருந்து முடிந்தது.

இம்மனிதர்களையே கனியாரிஸ் தன் படைப்பின் பொருளாக்கினார். கம்பிவலையால் உடல் அமைத்து, உடுத்திப் பழகிய பழந்துணிகளை அதற்கு அணிவித்தார். அருகில் பெட்டிகளையும் பழைய விளையாட்டுப் பொருள்களையும் வைத்தார். அவ்வுருவங்களுக்குத் தலை இல்லை. 1974 இல் படைத்த ‘பாண்டி ஆட்டம்’ என்னும் படைப்பில், தரையில் வரைந்த கட்டங்களைச் சுற்றி இத்தகைய உருவங்கள் பெட்டிகளுடன் நிற்கின்றன. முதலாளித்துவம் தொழிலாளியிடம் வாங்குவது உழைப்புச் சக்தியை மட்டுமே என்று மார்க்ஸ் நிறுவினார். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கழிக்கப்பட்ட மனிதன் எப்படியிருப்பான் என்பதைக் கனியாரிசின் தலையற்ற சட்டைகள் காட்டுகின்றன. பெர்லினில் நடந்த அக்கண்காட்சியின் தலைப்பில் ‘விருந்தாளித் தொழிலாளி’, ‘அந்நியத் தொழிலாளி’ என்ற இரு சொற்களையும் அருகருகே நிறுத்தினார். இரண்டாவது, நாஜிக் காலத்தில் வழங்கிய சொல். பெயரை மாற்றிவிட்டீர்கள், உறவை மாற்றினீர்களா என்பதே அவர் கேட்ட கேள்வி.

இத்தகைய கலை பாமரருக்குப் புரியுமா, இது வெறும் வடிவவாதம் அல்லவா என்று தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. கசங்கிய சட்டையும் கயிறு கட்டிய பெட்டியும் தொழிலாளிக்குப் புரியாத பொருள்களா? அவற்றைப் புரிந்துகொள்ளப் பாடுபட வேண்டியவர்கள் அந்தப் பெட்டியை ஒருநாளும் சுமக்காதவர்களே.

இக்கேள்வி நம்மையும் தொடுகிறது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் பிறமாநிலத் தொழிலாளரை ‘அதிதித் தொழிலாளி’ என அழைக்கும் வழக்கம் பரவியது. ஏளனச் சொற்களுக்கு மாற்றாக, நல்லெண்ணத்தோடு வந்த பெயர் அது. 2017 இல் தொடங்கிய ‘ஆவாஸ்’ மருத்துவக் காப்பீடும், 2020 ஊரடங்கில் திறந்த முகாம்களும் சமூகச் சமையலறைகளும் அந்நல்லெண்ணத்திற்குச் சான்று. ஆனால் அவர்களுக்குப் பெருமை சேர்த்தவை இந்த ஏற்பாடுகளே, பெயரன்று. விருந்தாளி என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு புறப்படும் நாள் இருக்கிறது. விருந்தாளி வீட்டு விவகாரத்தில் வாய் திறக்கக் கூடாது. கூலி உயர்வு கேட்கக் கூடாது. சங்கத்தில் நிர்வாகியாகக் கூடாது. தொழிலாளி இவை அனைத்தையும் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆகவே நம் ஏட்டிலேனும் ‘விருந்தாளி’, ‘அதிதி’ என்ற அடைமொழிகளைத் தவிர்த்து ‘தொழிலாளி’ என்றே எழுதுவோம் என முன்மொழிகிறேன்.

சர்வாதிகாரம் 1974 இல் வீழ்ந்தது. கனியாரிஸ் தாயகம் திரும்பி, ஏதென்சில் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்தார். 1988 இல் வெனிஸ் கலைவிழாவில் கிரேக்கத்தின் சார்பில் பங்கேற்றார். 2011 இல், கடன் நெருக்கடியில் கிரேக்க இளைஞர்கள் மறுபடியும் பெட்டி கட்டத் தொடங்கிய நாள்களில், மறைந்தார். அவர்களில் பலர் சென்றதும் ஜெர்மனிக்கே.