குற்றம் கையிலா, தாளிலா?

ஐதராபாத்தில் கோட்டிக் கடைவீதிக்குச் சென்று பிள்ளைக்கு ஆல்கஹால் மார்க்கர் வாங்கித் தருகிறோம். தாளைப் பற்றி எண்ணுவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் அவன் தீட்டிய மார்கழிக் கோலம் கசிந்து பரவினால், கையைக் குறை கூறுகிறோம். குற்றம் தாளினுடையது அன்றோ! எரிசாராயத்தில் கரைந்த சாயம், 70 கிராம் சாதாரணத் தாளின் இழைவழியே ஓடி மறுபுறம் எட்டும். நீர்வண்ணத்துக்குரிய சொரசொரப்புத் தாளோ மையைக் குடிக்கும். பேனா முனையையும் தேய்க்கும். மேற்பூச்சுள்ள மார்க்கர் தாள், அல்லது 200 கிராமுக்குக் குறையாத வழுவழுப்பான பிரிஸ்டல் அட்டையே ஏற்றது. முதலில் ஒரே தாள் வாங்கிப் புள்ளியிட்டுப் பாருங்கள். ஓரம் விரியாவிடில் மேலும் வாங்கலாம். வரையும்போது அடியில் பழந்தாள் ஒன்றை இடுக. பிள்ளையைக் கடியுமுன் தாளை மாற்றிப் பார்ப்போமாக!