தினமும் குளிக்கிறியா?

என் சித்தப்பாவிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி அது. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று 28 வருசம் உழைத்த மனுசன். இடுப்பு, தொடையெல்லாம் எட்டு மாசமாகப் படர்தாமரை. பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

நம்ம சனங்களுக்குத் தோலில் எது வந்தாலும் அழுக்கு என்றே எழுதிவிடுகிறார்கள். வங்கிக் கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவன் மருத்துவம் பேசலாமா என்று கேட்காதீர்கள் தோழர்களே. பேச வேண்டியவர்கள் டியூப் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

இப்போது இந்தியா முழுக்கப் பரவியிருப்பது பழைய படை அல்ல. 2020இல் ஜப்பான் ஆய்வாளர்கள் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்த பூஞ்சை. பூஞ்சை தன் உறைக்கு வேண்டிய எர்கோஸ்டீராலைச் செய்ய ஒரு நொதி வேண்டும். டெர்பினாஃபின் மாத்திரை அந்த நொதியை முடக்கும். இந்தப் பூஞ்சையில் பலவற்றில் அந்த நொதிக்கான மரபணுவே மாறிவிட்டது, மாத்திரை வேலை செய்வதில்லை. சோப்புப் போட்டுக் குளித்தால் மரபணு திரும்பி வருமா, ஐயா?

சித்தப்பாவுக்கு வந்தது அதுதானா என்று யாரும் சோதிக்கவில்லை. அவர் எட்டு மாசமும் பூசியது மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய டியூப். க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்தது. ரெண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும். தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அமுக்கிவிடுவதால் பூஞ்சை நிதானமாகப் பரவும். 2018இலேயே இந்தக் களிம்புகளை ஷெட்யூல் எச்-இல் சேர்த்தார்கள், டாக்டர் சீட்டு கட்டாயம் என்று. யார் கேட்கிறார்கள்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவன் டியூப்பைத்தான் வாங்குவான். அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை.

2023இல் நியூயார்க்கில் ரெண்டே பேருக்கு இது வந்ததும் உலகச் செய்தியானது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் படர்தாமரைப் பூஞ்சைக்கு இடமில்லை. உயிரை எடுக்காது, வேலையையும் தூக்கத்தையும் மானத்தையும்தானே எடுக்கிறது!

வழி இல்லாமல் இல்லை. ஸ்டீராய்டை நிறுத்தணும். பூஞ்சையை வளர்த்துப் பார்த்து எந்த மருந்து கேட்கும் என்று சோதிக்கணும். இட்ராகொனசோலை வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாசக்கணக்கில், டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கணும். வீட்டில் படை உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்கணும். இதை அரசு ஆஸ்பத்திரியில் முழுக் காலத்துக்கும் இலவசமாகக் கேட்போம். மனு எழுத நான் தயார்.

வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சித்திக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். மாத்திரைச் செலவு என் சம்பளத்தில் போகிறது. “சோறு தின்னப்புறம் போடச் சொல்லிருக்காகடா. இப்ப ராத்திரி கண்ணசருது” என்கிறார் சித்தப்பா. தோல் ஷாப்பில் அவரோடு நின்றவர்கள் இன்னும் டியூப்தான் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.