கடைத்தொகுதிக்கு ஒரு விறாந்தை

2013 இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டது. படமாளிகையும் குளிரூட்டிய கடைகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன. நல்லதுதான். ஆனால் இப்போது எழும் கடைத்தொகுதிகள் பல வீதியோரம் வரை கண்ணாடியால் மூடி நிற்கின்றன. எங்கள் வெயிலுக்குக் கண்ணாடிச் சுவர் எதற்கு?

பழைய கடைகளுக்கு விறாந்தை இருந்தது. ஒன்றும் வாங்காதவரும் அதில் ஒதுங்கலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலுமிருந்து படகேறி, குறிகாட்டுவானில் பஸ் பிடித்து வரும் பெண்கள் சாமான் பையோடும் பிள்ளையோடும் திரும்பும் பஸ்ஸுக்கு எங்கே காத்திருப்பது? விறாந்தை, இருக்கை, பெண்களுக்குக் கழிப்பறை, தொழ ஓர் அறை இவற்றை வரைபடத்திலேயே காட்டினால்தான் அனுமதி என்று மாநகரசபை சொல்லலாம். அதனால் ஒரு கடை குறையும் என்பார்கள். குறையட்டும்.