அறிவுக்கு வேலி எதுவரை?

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த மீனவச் சிற்றூர் நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்த கிராம அறிவு மையம், கடலின் நிலையை ஒலிபெருக்கி வாயிலாக ஊராருக்கு அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு, தொலைபேசியில் வீட்டாரை எச்சரித்தார். அந்த ஒலிபெருக்கி முழங்கியது. 3,000க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர்.

பகிரப்பட்ட அறிவு உயிர் காக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும், பல்லாண்டு உழைத்து, பெரும்பொருள் செலவிட்டு ஒரு மருந்தைக் கண்டறிபவருக்கு ஊதியம் வேண்டாமா? வேண்டும். அதற்காக எழுந்ததே காப்புரிமைச் சட்டம். கண்டுபிடிப்பின் விவரத்தை ஒளிக்காமல் வெளியிட வேண்டும்; அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலத்திற்கு அவரன்றிப் பிறர் அதனைச் செய்து விற்கலாகாது. இக்காலம் இன்று 20 ஆண்டுகள். அதன்பின் அது பொதுச்சொத்து.

நீதியரசர் இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1970இல் நம் நாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மருந்தைச் செய்யும் முறைக்கே அது உரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. எனவே மாற்று முறையில் அதே மருந்தைக் குறைந்த விலையில் செய்ய நம்மவர்க்கு வழி பிறந்தது. சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர 2001இல் முன்வந்தது இவ்வழியினால்தான்.

உலக வணிக ஒப்பந்தத்தின்படி 2005 முதல் மருந்துக்கும் உரிமை வழங்கப்படுகிறது. எனினும், பழைய மருந்தின் உருவை மாற்றினால் மட்டும் போதாது, அதன் பயன் கணிசமாக உயர்ந்திருக்க வேண்டும் என்று 3(டி) பிரிவு வேலியிட்டது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் உரிமையை மறுத்தது. மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலையுள்ள அம்மருந்தை இந்திய நிறுவனங்கள் சுமார் 8,000 ரூபாய்க்கு விற்றன. ஒரு குடும்பம் வீட்டை விற்பதற்கும் விற்காமலிருப்பதற்கும் உள்ள இடைவெளி அது!

கண்டறிந்தவரின் கூலியைப் பறிப்பது நீதியன்று. நோயாளியின் உயிரைப் பணயமாக்குவதும் நீதியன்று. காலவரையுள்ள உரிமை கூலி. புதுமையின்றி அதனை நீட்டிப்பது பேராசை. அறிவு நம் கையில் தரப்பட்ட அமானிதமே.

வாசகப் பெருமக்களே! மருத்துவர் எழுதித் தரும் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் கேட்டறியுங்கள். அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்குமா என விசாரித்து, மருத்துவரைக் கலந்து வாங்குங்கள். சட்டம் திறந்து வைத்த வாயில் வழியே நுழைவது நம் பொறுப்பு.