குற்றவாளி யார்?

திரை இருண்டதும், "கிராபிக்ஸ் காட் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கல்முனைக் கரையோரத்தில் தம் கையாலேயே கணினி பூட்டும் மாணவருக்கு இந்த அவசரம் கட்டுப்படியாகாது. 2022 ஆம் ஆண்டு ரூபாய் வீழ்ந்தபின் புதிய அட்டை எளிதில் வாங்கும் பொருளன்று.

மருதமுனை நெசவாளர் இழை அறுந்தால் தறியைப் பழிப்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடுகிறார். அவ்வாறே, முதலில் மின்சாரத்தை நிறுத்தி, உப்புக்காற்றின் ஈரம் படிந்த தொடுமுனைகளைத் துடைத்து, அட்டையை மீண்டும் பொருத்துக. மின்னிணைப்பையும் திரைக்குச் செல்லும் வடத்தையும் சோதிக்க. பின்னும் தீராவிடின், அட்டையை நல்ல கணினியொன்றில் பூட்டிப் பார்க்க. குறை அதனோடு கூடச் சென்றால் அட்டையே குற்றவாளி. செல்லாவிடின் பிழை வேறிடத்தில். ஒரு தடவைக்கு ஒரு மாற்றமே செய்க.

சோதியாத தீர்ப்பு பணத்தை மட்டுமன்று, அறிவையும் வீணாக்கும். விடையை மனனஞ் செய்விக்கும் நம் வகுப்பறைகள், பிழையைத் தேடும் பொறுமையை என்று கற்பிக்கும்?