கேட் தூணும் என் மட்கார்டும்

எங்கள் வீட்டுக் கேட்டின் இடது தூண் முப்பது வருஷமாக நின்ற இடத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தது. சென்ற புரட்டாசியில் ஒரு நாள் அது நகர்ந்து வந்து என் காரின் மேல் இடித்துவிட்டது. அப்படித்தான் நான் வீட்டில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை நிற மாருதி 800. கம்பெனிக்காரர்களே 2014ல் தயாரிப்பதை நிறுத்திவிட்ட வண்டி. ஐம்பத்திரண்டாம் வயதில் அதில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மூன்று மாதமாகக் கறிகாய்க் கடை, கோயில், அக்கா வீடு என்று யார் தயவும் இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தேன். இப்போது இடது மட்கார்டில் ஒரு முழத்துக்குக் கீறல். நடுவில் உள்ளங்கையளவு பள்ளம். அதில் இரும்பு பல்லை இளித்தது.

"போனால் போகிறது. இனிமேல் ஆட்டோவிலேயே போய் வந்துவிடேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லியிருந்தாலும் தேவலை. பரிவாகச் சொன்னார்! பட்டறையிலோ ஒரு பக்கம் முழுவதும் பெயிண்ட் அடித்தால்தான் நிறம் சேரும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகை இவர் காதில் விழுந்தால் சாவி மறுபடி என் கைக்கு வராது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இரும்பு இரண்டு நாள் நனைந்தால் துருவேறிவிடும். நானே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

தெருக்கோடியில், முன்பு டிங்கரிங் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். "அம்மா, பெயிண்ட் அடிக்கிறது அரை நாள் வேலை. தேய்க்கிறதுதான் மூணு நாள் வேலை. மூணு நாளை ஒரு நாளாக்கினீங்கன்னா திரும்ப முதல்லேருந்து வரணும்" என்றார். பிற்பாடு அப்படியே நடந்தது.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். பாலிஷ் போட்ட வண்டியில் இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெழுகும் சிலிக்கனும் உப்புத்தாளோடு சேர்ந்து உள்ளே இறங்கி, பின்னால் பெயிண்ட் அங்கங்கே மீன் கண் மாதிரி விலகி நிற்கும். பிறகு 120 நம்பர் உப்புத்தாளால் துருவை எடுத்துவிட்டு, 180, 320 என்று வழுவழுப்பான தாளுக்குப் போனேன். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடமெல்லாம் வாய்க்கால் விழும். கீறலைச் சுற்றி வெள்ளை, பிரைமர், இரும்பு என்று ஒவ்வொரு அடுக்கும் வெங்காயம் அரிந்தாற்போல் வளையம் வளையமாகத் தெரியும். அந்த வளையங்கள் அகலமாக, கைக்குப் படி தட்டாமல் சரிய வேண்டும். "கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க. கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்றார் பெரியவர். தோசைக்கல்லின் மேடு பள்ளம் தெரிந்த கைக்கு இதுவா தெரியாது?

பள்ளத்துக்குப் பட்டி பார்க்க வேண்டும். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குப் பட்டாணியளவு ஹார்டனர். கலந்த சில நிமிஷங்களில் இறுகிவிடுகிறது. முதல் தடவை டெலிபோன் மணி அடித்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால் கலவை பலகையிலேயே கல்லாகிவிட்டது! கெட்டியாக ஒரே அப்பாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு தடவை இழுப்பதே நல்லது. பட்டியைத் தேய்க்கும்போது மட்டும் தண்ணீர் கூடாது. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்தே துருவைக் கிளப்பும்.

மற்ற இடங்களை வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்ப்பதே உத்தமம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் குழந்தைகளுக்கு விஷம். என் பேத்தி வந்திருந்த நாலு நாளும் வேலையைத் தொடவேயில்லை. தேய்த்த தண்ணீரையும் செடிக்கு ஊற்றவில்லை.

இந்த வாட்டர் பேப்பர் 1921ல் அமெரிக்காவில் பிறந்தது. செயின்ட் பால் நகரத்தில் அதைக் கார்ப் பட்டறைகளுக்குக் கொண்டுபோன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், ஒட்டின காகிதத்தைப் பிரிக்கும்போது புதுப் பெயிண்டும் சேர்ந்து உரிவதைக் கண்டு தொழிலாளிகள் திட்டித் தீர்ப்பதைக் கேட்டார். 1925ல் அதற்குப் பரிகாரமாக அவர் கண்டுபிடித்ததுதான் மாஸ்கிங் டேப். கண்ணாடி, விளக்கு, டயர் எல்லாவற்றையும் அந்த டேப்பும் பழைய பத்திரிகையும் வைத்து மூடினேன். (இந்தப் பத்திரிகை அல்ல, தொடர்கதை இருக்கிறதே!)

நிறம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். கடையில் பெட்ரோல் மூடிக் கதவோடு ஒப்பிட்டுக் கலந்து, ஸ்பிரே டின்னில் அடைத்துக் கொடுத்தார்கள். வெயிலில் மங்கின வெள்ளை வேறு, புது வெள்ளை வேறு. பிஸ்கட் டப்பா மூடியில் அடித்துக் காயவிட்டு, டியூப் லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நடுவில் திட்டாக நிறுத்தாமல் மட்கார்டு முழுவதும் அடித்துவிட்டால், நிறத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் இணைப்புக் கோடு மறைத்துவிடும்.

பிரைமர் மூன்று கோட்டிங். அதன்மேல் கறுப்புப் பெயிண்டைப் பன்னீர் தெளித்தாற்போல் லேசாகத் தூவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். எங்கே கறுப்பு மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். இரண்டு இடத்தில் மிஞ்சியது. பேசாமல் மறுபடி பட்டி, மறுபடி பிரைமர்.

தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் கெட்டேன். மழை விட்ட ஒரு காலையில் ஸ்பிரேயை எடுத்தேன். தின்னர் சீக்கிரம் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயிண்டில் படிகிறது. காய்ந்ததும் பார்த்தால் பளபளப்பே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்! ஒரு மூலையில் நெய் வழிந்தாற்போல் இரண்டு கோடு வேறு. இவர் காப்பியும் கையுமாக வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அன்று நான் சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து, நல்ல வெயில் காய்ந்த ஒரு முற்பகலில், எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். எட்டு, பத்து அங்குலம் தள்ளிப் பிடித்து, மட்கார்டுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடித்து, ஒவ்வொரு கோட்டிங்குக்கும் பத்து நிமிஷம் இடைவெளி. முதல் கோட்டிங் அடிநிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. மூக்கில் புடவைத் தலைப்பைக் கட்டிக்கொண்டால் போதாது. தின்னர் ஆவியை உறிஞ்சும் முகமூடி கடையில் கிடைக்கிறது. சமையலறை அடுப்பையும் சுவாமி விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டிங் மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். அது தக்க சாதனங்கள் உள்ளவர்கள் வேலை.

ஒரு வாரம் காய்ந்தபின் 2000 நம்பர் தாளால் ஈரமாக ஒரு இழுப்பு, பிறகு ரப்பிங் காம்பவுண்ட். குனிந்து பார்த்தால் சாயங்கால வெயிலில் ஒரு சின்ன அலை தெரியத்தான் தெரிகிறது. பெரியவர் கையால் தடவிப் பார்த்து, "பரவாயில்லைம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தையாம்.

மறுநாள் சாவி வழக்கமான ஆணியில் தொங்கியது. நானும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஆனால் கேட் தூணில் பழைய டயர் ஒன்றை வெட்டி வைத்துக் கட்டியிருக்கிறார். என் காருக்காக அல்லவாம், தூணுக்காகவாம்!