முப்பது நாள் ஆனால் அழித்துவிடு!

சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஃபோன் வந்தால் நம் ஆட்கள் கைவசம் ஒரே வைத்தியம்தான். முப்பது நாளைத் தாண்டிய பேக்கப், லாக் எல்லாவற்றையும் ராத்திரி தானாக அழிக்கச் சொல்லி கிரானில் ஒரு வரி. போட்டவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அந்த வரி மட்டும் லீவு போடாமல் வேலை பார்க்கும்.

அழிக்காமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதை மட்டும் பார்த்தா அழிப்பது? பழைய பேப்பரை எடைக்குப் போடுகிறவர்கூட நடுவில் பத்திரம் ஏதும் இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பார். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாற்றியதில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒரு நாள் நின்றுபோகும். அழிக்கும் ஸ்கிரிப்டுக்கு அந்தச் சேதி போகாது. புதிதாக எதுவும் வராவிட்டாலும் அது தன் பங்குக்கு தினம் ஒன்றாகக் கழித்துக்கொண்டே வரும். மாதம் கடந்து பார்த்தால் ஃபோல்டர் காலி. டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கிறதே என்று மேனேஜருக்குச் சந்தோஷம் வேறு!

மாதம் முதல் தேதி ஃபுல் பேக்கப், மற்ற நாட்களில் டிஃபரன்ஷியல் எடுக்கிற இடத்தில் 15 நாள் கெடு வைத்திருப்பார்கள். மாதப் பாதியில் ஃபுல் போய்விடும். அதை நம்பி எடுத்த டிஃபரன்ஷியல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், எதற்கும் உதவாமல். ஆடிட்டுக்காகப் பழைய பேக்கப்பை அதன் தேதி மாறாமல் காப்பி செய்து வைத்தால், அன்று ராத்திரியே அதுவும் காலி.

லாக் கதை இன்னும் மோசம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. நம்மவர்கள் 30 நாளிலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். அழித்த பிறகும் இடம் வரவில்லையே என்று புலம்பல் வேறு. ஓடுகிற புரோகிராம் அந்த லாகைத் திறந்தே வைத்திருந்தால் எப்படி ஐயா இடம் வரும்?

சின்ன ஆபீஸ் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், 10 நாளைத் தாண்டிய லாகுகளை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. 2021 டிசம்பரில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை ஏற்றிவிட்டார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் அதை முழுதாகப் படித்துக்கொண்டு கிளம்பாது, ஓட ஓடத்தான் படிக்கும். பாதியில் கோப்பு மாறியதில், எந்த ஃபோல்டர் என்று சொல்ல வேண்டிய இடம் வெறுமையாகிவிட்டது. லாகுக்குப் பதிலாக ஆய்வுக் கோப்புகள் அழிந்தன. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள்! பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களுக்கு பேக்கப்பிலிருந்தும் மீட்க வழியில்லை. ஸ்கிரிப்டைக் கொடுத்த ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. ஏற்று என்ன, கோப்பு வந்துவிடுமா?

கடைசி ஏழு நல்ல பேக்கப்பை எத்தனை வயதானாலும் தொடாதே என்று எழுத நாலு வரி கூடுதலாகும், அவ்வளவுதான். அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

இன்றைக்கே உங்கள் கிரானைத் திறந்து பாருங்கள். நேற்றைய பேக்கப் வந்ததா, அளவு சரியா என்று பார்க்காமல் அழிக்கிற வரி ஏதாவது இருந்தால், முன்னால் ஒரு # போட்டு முதலில் அதை நிறுத்துங்கள்.